எழாத வடிகட்டி

மலையடிவார மடத்தின் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் மருதப்பன். மனைவி இறந்த பிறகு சீடராக வந்து சேர்ந்தவர். குரு அவரைவிட வயதில் இளையவர். துறவுக்கு முன்பு ஒரு கம்பெனியில் லினக்ஸ் கணினிகளோடு மாரடித்தவர்.

கரண்ட் போய் வந்து சர்வர் மறுபடி தொடங்கும்போதெல்லாம் எல்லாம் எழும், குப்பை அஞ்சலைப் பிரிக்கும் வடிகட்டி மட்டும் எழாது. மடைப்பள்ளிக்காரருக்குக்கூட வெளிநாட்டு லாட்டரி விழுந்ததாக வாழ்த்து வரும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மருந்துக்கு உதவி கேட்டு ஒருவர் எழுதியது, பாவம், அந்தக் குப்பைக்குள் கிடந்து யார் கண்ணிலும் படவில்லை.

குரு வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தார். வடிகட்டி எப்படித் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தார். 'தானாகத் தொடங்கு' என்பதற்கு எதிரே பூஜ்யம், அதாவது 'வேண்டாம்' என்று இருந்தது.

"இதை யார் போட்டது?"

"நான்தான், சாமி."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

குரு கோபப்படவில்லை. அவர் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணு கோமதி எழுதுவான்னு இருக்கேன், சாமி. வடிகட்டி அதையும் குப்பைன்னு தள்ளிட்டா?"

"அது எதையும் அழிக்காது, ஐயா. சந்தேகப்பட்டதைத் தனியா ஒதுக்கும். திறந்து பாத்துக்கலாம். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"குப்பை வந்தாலும் கம்ப்யூட்டர்ல மணி அடிக்குதுல்ல. அடிக்கறப்பல்லாம் அவளோன்னு ஓடி வந்து பாக்கறேன். வடிகட்டியைப் போட்டா பெட்டி சும்மா கிடக்கும். அவ எழுதலைங்கறது மட்டும்தான் மிஞ்சும்."

மகளை நினைத்து ஏங்காத நாள் அவருக்கு இல்லை.

குரு பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டார். சேமித்தார். சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினார். இந்த முறை வடிகட்டியும் எழுந்தது.

இருவரும் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"கிளம்பறப்ப பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார் குரு.

"'அம்மாவும் போயாச்சு, நீங்களும் போறீங்களாப்பா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை, சாமி. பையை எடுத்துட்டு வந்துட்டேன்."

குரு எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்படின்னா பதிலுக்குக் காத்திருக்கறது அவதான், ஐயா."