மாட்டுக்கொட்டகையில் ஒரு கட்டில்

டாக்டர் சொக்கையாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பெருங்குடல் புற்றுநோய்க்கும் வைரஸுக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஆராய வந்தவர். அவருடைய குரு டாக்டர் ஹெப்சிபாவுக்கு முப்பத்தேழு. சொக்கையா மேடம் என்பார். ஹெப்சிபா சார் என்பார்.

அன்று காலை சொக்கையா ஆய்வுக்கூடத்துக் கதவை அறைந்து சாத்தினார்.

"மனுசங்களா மேடம் இவங்கல்லாம்?"

ஹெப்சிபா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "யாரு?"

"பேச்சியம்மா மகனும் மருமகளும்."

பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவள். குடலில் இருந்த கட்டியை எடுத்தபின் மூன்றாவது கீமோ ஊசிக்கு வந்திருந்தாள். கையில் மஞ்சள் பை, பைக்குள் தன் தட்டும் தம்ளரும். பெஞ்சில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். "என் கிருமி மத்தவுகளுக்கு ஒட்டிரும்யா" என்றாள். வீட்டில் மாட்டுக்கொட்டகையில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேரனைத் தொட்டு இருபது நாளாகிறது. ஊசியெல்லாம் இதோடு போதும், போய்ச் செத்துப்போகிறேன் என்கிறாள்.

சொக்கையாவுக்குப் பெற்றவளை மாட்டோடு படுக்கவைத்த அந்த மகனை நாலு அறை விட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

"படிச்சவன் மேடம். பேங்க்ல வேலை பாக்குறான். புத்தி எங்க போச்சு?"

"கிருமின்னு அவருக்கு யார் சொன்னது?"

சொக்கையா மேஜையைப் பார்த்தார்.

"சார்."

"நான்தான். போன தடவை வந்தப்ப கேட்டான். குடி இல்ல, புகையிலை இல்ல, அம்மாவுக்கு ஏன் இது வந்துச்சுன்னு. கட்டிக்குள்ள ஒரு வைரஸ் இருக்குன்னு சொன்னேன்."

பதினோரு மாதம் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷம் அது. முப்பது கட்டிகளில் பத்தொன்பதில் இருந்தது. வராந்தாவில் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இருக்குன்னா, அதுதான் கட்டியை உண்டாக்குச்சுன்னு அர்த்தமா?"

"அது இன்னும் தெரியாது மேடம்."

"தெரியாதுங்கறதைச் சொன்னீங்களா?"

சொக்கையா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"புத்துநோய் ஒட்டாதுன்னு?"

அதையும் சொல்லவில்லை. ஹெப்சிபாவின் முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று சொக்கையா நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் நினைத்தார். ஹெப்சிபா கோட்டின் கையை மடித்துவிட்டு, முழங்கையை மேஜைமேல் நீட்டினார்.

"ரத்தம் எடுங்க. உங்களுதும் எடுங்க. அதே வைரஸ் நம்ம உடம்புக்குள்ள வந்திருக்கான்னு பாருங்க."

மூன்று மணிக்கு முடிவு வந்தது. இருவருக்கும் வந்திருந்தது. பெரும்பாலானவர்களுக்குள் எப்போதோ புகுந்து, வந்த சுவடே தெரியாமல் தங்கிவிடுகிற வைரஸ் அது. சொக்கையா புத்தகத்தில் படித்ததுதான். தன் பெயருக்கு நேரே இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

ஆனாலும் அவர் விடவில்லை. "அதுக்காக ஒண்ணுமே இல்லன்னு விட்டுர முடியாதுல்ல மேடம். கட்டிக்குள்ள அது என்ன பண்ணுதுன்னு பாக்கணுமில்ல?"

"விடச் சொல்லலை. பத்து வருசமானாலும் தேடுவோம். அதுவரைக்கும் அந்தம்மா மாட்டோட படுக்கணுமா?"

சொக்கையா எழுந்தார். மகன் வார்டுக்கு வெளியே, அம்மாவிடமிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டிருப்பான்.

"அவன்கிட்ட என்ன சொல்லட்டும் மேடம்?"

ஹெப்சிபா இரண்டு முடிவுத்தாள்களையும் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதைக் காட்டுங்க. காட்டிட்டு, அந்தக் கொட்டகையில இன்னும் ரெண்டு கட்டில் போட இடம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."