தொட்டால் மணக்கும் ஓமவல்லி

ஓமவல்லி கோபித்துக்கொண்டு தன் வாசனையை இலைக்குள் அடைத்துவிட்டது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் ஆடுமாடுகளும் பேசும். ஓமவல்லி பேசவே வேண்டாம். மலை முழுக்க மணக்கும். கறிக்குழம்பில் போட ஒருவர், சளிக்குப் பிழிய ஒருவர் என்று மணம் பிடித்து வந்து நிற்பார்கள். ஆனால் ஒரு முறை உண்டு. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். செடி 'எடு' என்றால்தான் இலையில் கைவைக்கலாம். ஓமவல்லியும் எடு, எடு என்று சொல்லிச் சொல்லியே மொட்டையாய் நின்றது. ஒருவரும் ஒரு கை தண்ணீர் ஊற்றவில்லை. 'இனி என்னைக் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்' என்று மணத்தை அடைத்துக்கொண்டது.

மழை பிடித்தது. அந்த மலையில் ஆடு மேய்க்கும் வெள்ளச்சியின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. பால்கூட இறங்கவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சரிவெல்லாம் ஓடினாள். எல்லாரையும்போல அவளும் ஓமவல்லியை மூக்கால் அறிந்தவள். கண்ணால் சரியாகப் பார்த்ததில்லை.

"நீதானா ஓமவல்லி?"

"நான் தும்பை. கண் தெரியலையா?"

"நீயா, தாயே?"

"நாயுருவியைப் போய்த் தாயே என்கிறாயே! நகரு."

ஓமவல்லியிடமும் கேட்டாள். அது மூச்சுவிடவில்லை. அவளும் கைவைக்கவில்லை. அடுத்த செடிக்கு ஓடினாள். முதுகில் பிள்ளைக்கு இழுப்பு கூடியது.

பின்னாலேயே வந்த அவள் வெள்ளாட்டுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டுக்கொண்டே இரு. பிள்ளை போய்விடும்."

"முறை இருக்கிறதடி!"

"உனக்கு இருக்கிறது. எனக்கு ஏது?"

ஆடு வாய்க்கு எட்டியதையெல்லாம் கடித்தது. கடித்துத் துப்பியது. ஒரு தண்டு மளுக்கென்று ஒடிந்தது. குப்பென்று மணம் எழுந்தது.

"ஐயோ, கேட்காமல் கடிக்கிறதே!" என்று அலறியது ஓமவல்லி.

"அவள் கேட்டாளே, நீ சொன்னாயா?"

குழந்தை இருமியது. இருமக்கூடத் தெம்பில்லாத இருமல். ஓமவல்லி அதைக் கேட்டது.

"எடு," என்றது. "இனிமேல் கேட்கவும் வேண்டாம்."

தணலில் வாட்டிப் பிழிந்த சாறு உள்ளே போனதும் சளி இளகியது. பிள்ளை பாலுக்கு வீறிட்டது. ஒடிந்த தண்டை வெள்ளச்சி வாசலில் ஊன்றினாள். வேர் விட்டது.

அன்றிலிருந்துதான் ஓமவல்லி சும்மா இருந்தால் மணப்பதில்லை, தொட்டால் மணக்கிறது. ஒடித்து நட்டால் பிழைக்கிறது. இன்று பஜ்ஜி மாவில் தோய்க்கிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. நன்றி சொல்வதானால் வெள்ளச்சிக்குச் சொல்லாதீர்கள். கடித்துத் துப்பிவிட்டுப் போன வெள்ளாட்டுக்குச் சொல்லுங்கள். அதன் பெயர் முறிக்கொம்பி.