பன்னிரண்டு விநாடி

ஒரே ஒரு ஊரிலே ஒரு பாத்திரக் கடை. அதுக்கு மேலே ஒரு டைப்ரைட்டிங் கிளாஸ். அதுக்கும் மேலே, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியிலே, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இருந்ததாம்.

அங்கே இசக்கிராஜ் என்று ஒரு பையன். சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போகச் சொல்வார்களா என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் ஜெபராணி. அவனைவிட நாலு வயசுதான் கூட. அவளிடம் ஒன்று கேட்டால் பதில் கிடைக்காது. வேறே ஏதாவது கிடைக்கும்.

இரண்டு நாள் லீவு முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும் இசக்கி கேட்டான்.

"அக்கா, நான் நல்ல புரோகிராமர் ஆயிட்டேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"என்ன எழுதின?"

"எழுதலைக்கா. ஒரு வரியை எடுத்தேன்."

சொல்லும்போதே அவன் முகத்தில் சிரிப்பு.

விஷயம் இதுதான். ஊரில் இருந்த கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போர்டு செய்துகொடுத்தது இந்தக் கம்பெனி. டாக்டர் அறை மூன்று, போர்டு ஒன்று. எந்த அறை நர்ஸ் பட்டனை அழுத்தினாலும் மணி அடித்து அந்த நம்பர் போர்டில் வரும். அழுத்தி ரொம்ப நேரம் கழித்துத்தான் வருகிறது என்று நர்ஸுகள் புகார் சொல்லியிருந்தார்கள். இசக்கி இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு நம்பர் வந்தால் அடுத்த நம்பரை பன்னிரண்டு விநாடி நிறுத்திவை என்று புரோகிராமில் ஒரு வரி. அதைத் தூக்கிவிட்டான். இப்போது அழுத்தினால் அழுத்தின கையோடு நம்பர்.

மேனேஜர் சங்கரபாகம் தோளில் தட்டி, வெள்ளிக்கிழமை முதலாளியிடம் இதைக் காட்டு, உன் வேலை உறுதி என்று சொல்லிவிட்டார். காலையிலேயே ஆஸ்பத்திரியில் ஏற்றியும் ஆயிற்று.

ஜெபராணி கேட்டாள். "அந்த வரி எதுக்கு இருந்துச்சு?"

"காரணம் ஒண்ணும் எழுதலைக்கா. யாரோ தெரியாமப் போட்டிருக்காங்க."

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்தாள்.

"வா."

ஆஸ்பத்திரியில் கடைசி பெஞ்சில் அவனை உட்கார வைத்தாள்.

"எதைப் பார்க்கணும்க்கா?"

"போர்டைப் பார்க்காத."

வேறே எதைப் பார்ப்பது? ஆட்களைப் பார்த்தான்.

நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். சொட்டு மருந்து விட்டிருக்கிறது. கூப்பிடுகிறவரை திறக்கக் கூடாதாம்.

மணி அடித்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர் பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பாதி திறந்தார். வெளிச்சம் கூசியது. நெற்றிமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு போர்டைத் தேடினார்.

மறுபடியும் மணி. மறுபடியும்.

கையிலிருந்த டோக்கனை மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நாற்பத்தேழு.

"தம்பி, நாப்பத்தேழு வந்துட்டா?"

இசக்கி நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். நாற்பத்தொன்பது.

"வந்துட்டுப் போயிருச்சுய்யா."

"மணி அடிச்சதும் முழிச்சேனே."

அவர் பஞ்சால் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மேலதான் தப்பு," என்றார் பெரியவர். "கண்ணு மெதுவாத் தொறக்கு."

சாத்தான்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாராம். ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிவிடுவார். கடிகாரத்தில் பன்னிரண்டரை.

அடுத்த மணிக்கு இசக்கி மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். பச்சைச் சேலை அம்மா கண் திறந்து போர்டைக் கண்டுபிடிக்கப் பதினொன்று. அவருக்குப் பின்னால் இருந்தவருக்குப் பன்னிரண்டு. ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒன்பது.

எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜெபராணி பக்கம் திரும்பினான்.

"யாருக்கா அந்த வரியை எழுதினது?"

"நான்."

"ஏன்க்கா காரணத்தை எழுதலை?"

"அன்னைக்கு இதே பெஞ்சுலதான் இருந்தேன். யாருக்கும் தெரியும்னு நெனச்சேன். அது என் தப்பு."

அவன் கையை நீட்டினான். அவள் லேப்டாப்பைக் கொடுத்தாள்.

எடுத்த வரியை மறுபடி வைத்தான். அதற்கு மேலே என்னவோ ரொம்ப நேரம் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் எட்டிப் பார்த்தபோது ஒரு வரிக்கு நாலு வரி காரணம் இருந்தது. வரியில் நம்பரும் மாறியிருந்தது.

"பதினெட்டா?"

"பன்னிரண்டு கண்ணுக்கு," என்றான். பெரியவரின் காலருகே சாத்தியிருந்த கைத்தடியைப் பார்த்தான். "ஆறு அதுக்கு."

புது வரியை அங்கிருந்தே போர்டுக்கு ஏற்றி முடித்ததும் போன் வந்தது. சங்கரபாகம். போர்டு பறக்குதா என்று கேட்டார்.

"இல்ல சார். முன்னைவிட மெதுவாக்கிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை முதலாளிக்கு என்னத்தடே காட்டப்போற என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"முதலாளியும் நீங்களும் இங்க வந்து உட்காருங்க சார். வெள்ளனே வாங்க, டோக்கன் தீர்ந்துரும்."

வைத்துவிட்டு எழுந்து நர்ஸிடம் போனான். நாற்பத்தேழை இன்னொரு தடவை அழுத்தச் சொல்லிக் கேட்டான். காலையிலிருந்து இப்படி வந்து நின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா என்று அவள் சலித்துக்கொண்டாள். எத்தனை பேர் என்று கேட்டான். ஆறு என்றாள். அந்த ஆறு நம்பரையும் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டான்.

நர்ஸ் பட்டனை அழுத்தினாள்.

மணி அடித்தது.

பெரியவர் பஞ்சை எடுத்தார். துடைத்தார். நெற்றிமேல் கையை வைத்தார். போர்டைத் தேடினார்.

மற்ற இரண்டு அறை நர்ஸுகளும் அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஜெபராணி போர்டைப் பார்த்தாள். நாற்பத்தேழு அப்படியே நின்றது.

இசக்கி போர்டைப் பார்க்கவில்லை.

பெரியவர் கைத்தடியைத் தேடி எடுத்தார். எழுந்தார். ஒவ்வொரு அடியாக நடந்து, டாக்டர் அறையின் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.