கரும்பலகையில் ஒன்பது பத்து

ரொசாரி ஒயர்லெஸ் அறை வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை இழுத்துப் போட்டு, பிறகு அடுத்தது. கால் கட்டைவிரலில் மாட்டியிருந்த கயிறு, பூவரச மரக்கிளையில் தொங்கிய தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது.

டெரன்ஸ் லேப்டாப்பும் கையுமாக எதிரே வந்து நின்றான்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், ரொசாரி.”

அவள் நிமிரவில்லை. சொந்தக் கொழுந்தனிடம்கூடப் பேசக் கூசுகிறவள். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டவள். படித்த ஆளிடம் என்னத்தைப் பேச.

டெரன்ஸ் டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஊர்ச் சங்கத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தது அவன்தான். அந்த ஊர் மீன்பிடி வள்ளம் இருபத்தேழும் கடலில் இருந்து ஒயர்லெஸ்ஸில் கரையோடு பேசும். ஒயர்லெஸ் அறையில் இருக்கிற பனியடிமை, எந்த வள்ளம் எத்தனை மணிக்குப் பேசியது என்று இன்டர்நெட்டில் ஒரு ஷீட்டில் ஏற்றுவார். அந்த ஷீட்டில் உள்ளதை வெப்சைட் எடுத்துக் காட்டும். பெண்கள் வெயிலில் கரைக்கு ஓடி வர வேண்டாம். வீட்டில் இருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்.

“சும்மா இருக்கிற நாள்ல நல்லா ஓடுது. காத்து கூடி எல்லாரும் பாக்கிற அன்னைக்கு நின்னு போவுது. சுத்திக்கிட்டே இருந்துட்டு, பதில் வரலைன்னு எழுதிக் காட்டுது. முந்தாநாள் அதைப் பாத்துட்டு ஜெசிந்தா மயங்கி விழுந்துட்டா. அவ புருஷன் அந்நேரம் கரையில நின்னு வலை உதறிக்கிட்டு இருக்கான்.”

ரொசாரி ஒரு இறாலை உரித்தாள்.

“பத்து செகண்டு காத்திருன்னு வச்சிருந்தேன். அதை அறுபது ஆக்கினேன். இப்ப அறுபது செகண்டு சுத்திட்டு நிக்குது.”

இன்னொன்றை உரித்தாள்.

“அன்னைக்கு எல்லாரும் போனைத் தூக்கிப் போட்டுட்டு உன்கிட்டதான் ஓடி வந்தாங்களாம். உன்கிட்ட மட்டும் எப்படிப் பதில் இருந்துச்சு?”

மோவாயைச் சுவர்ப் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

ஒயர்லெஸ் அறைச் சுவரில், பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று கழித்துப் போட்ட கரும்பலகை சாய்ந்திருந்தது. அதில் இருபத்தேழு பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வள்ளம் கடைசியாகப் பேசிய மணி சாக்பீஸில். இறால் தண்ணீர் பட்டு ஓரம் எல்லாம் கரைந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கேட்க, ஒவ்வொருத்திக்கும் நிமிர்ந்து பதில் சொல்லக் கூச்சப்பட்டு, அவளாக எழுதி வைக்கத் தொடங்கியது அது.

டெரன்ஸ் சுவரோரம் உட்கார்ந்தான்.

ஒருத்தி வந்தாள். “எங்க வள்ளம் பேசிச்சா?” ரொசாரி மோவாயைத் தூக்கினாள். அவள் பலகையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இன்னொருத்தி வந்தாள். அதே மோவாய்.

மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். ரொசாரி தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர்களாகப் பார்த்துக்கொண்டார்கள்.

டெரன்ஸ் எண்ணினான். பதினொரு பேர் வந்து போனார்கள். அந்த நேரத்துக்குள் ரொசாரி ஒரே ஒரு தடவைதான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னலில் நின்று பனியடிமையிடம் கேட்டு, பலகையில் மாற்றினாள்.

“ஒவ்வொருத்தி வரும்போதும் போய்க் கேட்டா என்ன?”

ரொசாரி குனிந்தபடி சொன்னாள்.

“பனியண்ணனுக்கு ஒரு வாய்தான.”

அவன் ஜன்னலைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

*

ரெண்டு நாள் கழித்து வந்தான்.

“இப்ப ஆளாளுக்கு ஷீட்டுக்கு ஓடுறது இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வெப்சைட் மட்டும் போய் ஒரு நகல் எடுத்துட்டு வந்து வச்சுக்குது. கேக்கிற எல்லாருக்கும் அந்த நகலைக் காட்டுது. உன் பலகை மாதிரி.”

ரொசாரிக்குக் காது மடல் சிவந்தது. இறாலைப் பார்த்துக்கொண்டாள்.

“ஆனாலும் சில நேரம் போன வெப்சைட்டு திரும்பி வர மாட்டேங்குது. ஷீட்டுகிட்டயே திணறிக்கிட்டு நிக்குது.”

“அதுல என்னல்லாம் இருக்கு?” அவள் கேட்டது அவனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

“எல்லாம் இருக்கு. அஞ்சு வருஷத்துக் கணக்கு. எந்த நாள் எந்த வள்ளம் போச்சு, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கட்டி ஐஸ், யாருக்கு என்ன போன் நம்பர்.”

“எல்லாத்தையுமா எடுத்துட்டு வருது?”

“ஷீட்டுல இருக்கிறதை எடுக்க வேண்டாமா?”

அப்போது ஜன்னலில் இருந்து பனியடிமை குரல் கொடுத்தார். “ஏட்டி ரொசாரி, தூண்டிலுக்கு ஒரு இறால் குடு.”

ரொசாரி பக்கத்தில் இருந்த இறால் கூடையைப் பார்த்தாள். கழுத்து வரை நிறைந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த கூடை. அதை அப்படியே டெரன்ஸின் காலடிக்குத் தள்ளினாள்.

“குடுத்துருங்கண்ணே.”

அவன் தம் பிடித்துத் தூக்கினான். பேன்ட் எல்லாம் நனைந்தது. ரெண்டு எட்டு வைத்துக் கூடையை இறக்கினான், மறுபடி தூக்கினான். ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

பனியடிமை கூடையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“ஒரு இறால் கேட்டா கூடையோடவா சுமந்துட்டு வருவ? என்ஜினியருக்குப் படிச்சா இதைத்தான் சொல்லிக் குடுக்காவளா?”

டெரன்ஸ் கூடையை இறக்கி வைத்தான். அதிலிருந்து ஒரே ஒரு இறாலை மீசையைப் பிடித்துத் தூக்கி நீட்டினான்.

அது அவன் கையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சிரிக்கத் தொடங்கினான்.

கூடையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். “பேரு, மணி. இன்னைக்குத் தேதி மட்டும். இருபத்தேழு வரிதான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தொட்டில் நின்றிருந்தது. ரொசாரி காலை எட்டி ஆட்டினாள்.

*

மூன்றாம் தடவை அவன் ஓடி வந்தான்.

அன்றைக்குக் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் காற்று கூடிவிட்டது. பூவரச இலையெல்லாம் வெள்ளை காட்டிக்கொண்டு திரும்பியது. தொட்டிலைக் கிளையில் இருந்து அவிழ்த்து, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ரொசாரி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் வேகம் குறைந்திருந்தது.

பலகையைச் சுற்றிப் பெண்கள். ஜெசிந்தாவும் வந்திருந்தாள். இருபத்தாறு பெயருக்கு எதிரே பதினொன்று, பதினொன்றேகால், கரை சேர்ந்தாச்சு என்று எழுதியிருந்தது.

சலேத் மாதா என்ற வள்ளத்துக்கு எதிரே மட்டும் ஒன்பது பத்து.

அது ரொசாரியின் புருஷன் ஆரோக்கியம் போன வள்ளம்.

மணி பதினொன்றரை.

“மறுபடியும் பக்கம் வெறுமையா காட்டுது,” என்றான் டெரன்ஸ். “ஷீட்டு ஒரே ஒரு தடவைதான் பதில் சொல்லலை. இருந்த நகலும் போயிருச்சு. ஒரு பேருக்கு நேரேயும் ஒண்ணும் இல்ல. வெளியூர்ல இருக்கிறவங்க எல்லாம் போன் போட்டு அழுறாங்க.”

ரொசாரி பிள்ளையை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். எழுந்தாள். கையைத் துடைத்தாள். ஜன்னலுக்குப் போனாள். டெரன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஒயர்லெஸ் இரைந்தது. பனியடிமை கூப்பிட்டார், காத்திருந்தார், மறுபடி கூப்பிட்டார். ரொசாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அவள் திரும்பி வந்தாள். பலகை முன்னால் நின்றாள். எதையும் தொடவில்லை. உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

“அந்த ஒன்பது பத்தை அழிச்சிரு ரொசாரி,” என்றாள் ஒருத்தி. “பாக்கவே முடியல. பழசுதான அது.”

ரொசாரி மாட்டேன் என்று தலையசைத்தாள்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி போனாள். வேறொரு வள்ளம் பேசியிருந்தது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அந்த வள்ளத்து வரியில் இருந்த பழைய மணியை விரலால் துடைத்தாள். துடைத்த இடத்தில் உடனே புதியதை எழுதினாள். ஒன்பது பத்து அப்படியே இருந்தது.

டெரன்ஸ் அந்த விரலைப் பார்த்தான்.

“நான் முதல்ல இருக்கிற நகலை அழிச்சிடுறேன்,” என்றான் மெதுவாக. “அழிச்சிட்டுத்தான் ஷீட்டுகிட்ட புதுசைக் கேக்கப் போறேன்.”

அவன் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். அழிக்கச் சொல்லி மேலே இருந்த ஒரு வரியை எடுத்து, புதியது வந்த பிறகு நடக்கும்படி கீழே போட்டான். பெயருக்குப் பக்கத்தில் கடைசியாக எப்போது பேசியது என்று சேர்த்தான். ஷீட் இந்தத் தடவை பதில் சொல்லிவிட, சங்கத்துப் பக்கத்தில் இருபத்தேழு பெயரும் மறுபடி வந்து நின்றன. சலேத் மாதா, கடைசியாகப் பேசியது ஒன்பது பத்து.

பெண்கள் போனைப் பார்த்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். ரெண்டும் ஒன்றாக இருந்தது. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஜெசிந்தா மட்டும் ரொசாரியின் தோளில் கை வைத்தபடி நின்றாள்.

டெரன்ஸ் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டரை மணி நேரத்துக்கு முந்தி கேட்டது. அதை வச்சுக்கிட்டு எப்படி ரொசாரி உன்னால உக்காந்து இறால் உரிக்க முடியுது?”

அவள் ஒரு இறாலை எடுத்தாள். உரிக்கவில்லை, வைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஒன்பது பத்துக்கு அவிய குரலை என் காதால கேட்டேன், அண்ணே. பிள்ளை தூங்கிட்டானான்னு கேட்டாவ. அது பொய்யா போயிருமா? அடுத்தது வாற வரைக்கும் நான் அதைத்தான்…”

“ஏட்டி ரொசாரி,” ஜன்னலில் இருந்து பனியடிமை சிரித்துக்கொண்டே கூப்பிட்டார், “சாக்பீஸை எடுத்துட்டு வா.”