குகைக் கல் பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. மெல்லத்தான் பேசும், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் காதில் விழும்.

அப்போது ஒரு மலையூரில் ஆண்டுக்கணக்காக மழை இல்லை. ஓடை வற்றியது, தினை கருகியது. ஊர்த்தலைவர் உலகன் எல்லாரையும் கூட்டினார்.

"மழை செத்துப்போச்சு. நாளைக்கு மலையை விட்டு இறங்குறோம். நடக்க முடியாதவங்களைத் தூக்கிட்டுப் போக யாருக்கும் தெம்பில்லை."

கூட்டத்தில் இருந்த மாதி வீட்டுக்கு ஓடினாள். அவள் கணவன் கரியன், தேனெடுக்கப் போன இடத்தில் விழுந்து காலொடிந்து கிடந்தான்.

"நீயாவது போய்ப் பொழைச்சுக்க புள்ள," என்றான் அவன்.

அவள் சுரைக்குடுவையை எடுத்துக்கொண்டு குகைக்குப் போனாள். அங்கே மட்டும்தான் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் வளர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏன் தாயி அழுற?" என்றது கல்.

மாதி எல்லாவற்றையும் சொன்னாள்.

"மழை சாகல. இதைவிட அதிக வருசம் நின்னிருக்கு, திரும்பியும் வந்திருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மழைத்தண்ணி பாறைக்குள்ள ஊறி, சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு என்மேல சொட்டுது. தண்ணி ஓடிடும், சுண்ணாம்பு தங்கிடும். நல்ல மழைன்னா தடிச்ச வளையம், வறட்சின்னா நூல் மாதிரி. நான் வளர்ந்ததே அப்படித்தான்."

"நான் சொன்னா ஊர் நம்பாதே!"

"என்னை உடைச்சுக் கொண்டுபோய்க் காட்டு."

"ஐயோ, உனக்கு என்ன ஆகும்?"

"பேச்சு போயிடும். போகட்டும். நீங்க இல்லாத மலையில நான் யாரோட பேச?"

மாதி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாறைத்துண்டால் ஓங்கி அடித்தாள்.

உடைந்த கல்லை ஊரார் சுற்றி நின்று பார்த்தார்கள். வெட்டிய வெங்காயம்போல வளையம் வளையமாக இருந்தது. உலகன் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரலால் தடவிக்கொண்டே போனார். மெலிந்த வளையங்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் முகம் வாடியது. பிறகு சட்டென்று தடித்த வளையம் ஒன்று, அடுத்ததும் அப்படியே.

"அடேயப்பா! இத்தனை வறட்சிக்கு அப்புறமும் வந்திருக்கே!" என்று பெருமூச்சு விட்டவர், கிளம்பக் கட்டிவைத்திருந்த தன் மூட்டையைத் தானே அவிழ்த்தார்.

குகை நீரைப் பங்கிட்டுக் குடித்து, காட்டுக்கிழங்கைத் தின்று ஊர் காத்திருந்தது. மழை வந்தது. கரியன் தன்னை வெளியே இழுத்துப் போடச் சொல்லி, நனைந்துகொண்டே சிரித்தான். மாதி அந்தச் சேதியைச் சொல்லக் குகைக்கு ஓடினாள். உடைந்த கல்லின் அடிப்பகுதிமேல் நீர் வேகமாகச் சொட்டியது. கல் வாய் திறக்கவில்லை. அவள் அதைக் கையால் தடவிக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் குகைக் கற்கள் பேசுவதில்லை. பழைய மழையையும் வறட்சியையும் அறிய விரும்புகிறவர்கள் அவற்றை அறுத்து, உள்ளே இருக்கும் வளையங்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.