செம்பி கேட்ட கேள்வி

தேனீக்கள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் எந்தத் தேனீயும் தோட்டக்காரரைக் கேட்காமல் பூவுக்குள் நுழையாது. வேலியோரம் நின்று கேட்கும். அவர் சரி என்ற பிறகுதான் மற்றவை பின்னால் வரும்.

மலையடிவாரத்தில் சடையனும் அவன் மனைவி நாச்சியும் பூசணி போட்டிருந்தார்கள். முந்தின வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுக் குதிரில் இருந்த தானியம் ஒரு மாதத்துக்குக் காணாது. கொடியில் பிடிக்கிற காயை நம்பித்தான் இருவரும் இருந்தார்கள்.

கொடி பூக்கத் தொடங்கிய வாரத்தில் சிவப்பு வண்டு இறங்கியது. இலையெல்லாம் சல்லடையாகிப்போனது. சடையன் விஷமுள்ள எட்டிக் கொட்டையை இடித்துப் பானையில் ஊறப்போட்டான். மறுநாள் விடிந்ததும் அந்த நீரை இலைக்குழையால் தொட்டுத் தொட்டுக் கொடி முழுக்கத் தெளித்தான். பூசணிப் பூ விடியலில்தான் விரியும். விரிந்த பூவிலும் நீர் விழுந்தது.

அவன் பானையைக் கீழே வைப்பதற்குள் செம்பி வந்துவிட்டாள். மலைச்சரிவில் கூடு கட்டியிருந்த கூட்டத்துக்காக நாள்தோறும் வந்து கேட்கிற தேனீ அவள்.

"அண்ணே, இன்னிக்குப் பூவுக்குள்ள போகலாமா?"

சடையன் பானையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் தேனீக்கூட்டம் வேறு காட்டுக்குப் போய்விடும், பல நாள் இந்தப் பக்கம் தலைகாட்டாது. அதற்குள் பூவெல்லாம் கொட்டிவிடும். இலையில்தானே அதிகம் பட்டது, பூவில் கொஞ்சம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"போங்கம்மா," என்றான்.

உச்சிவேளைக்கு முன்பே பூக்கள் வழக்கம்போல் மூடிக்கொண்டன. கஞ்சி கொண்டுவந்த நாச்சி, கொடிக்கடியில் தேனீக்கள் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். சிலவற்றுக்கு இறகு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. மூடிய பூ ஒன்றைப் பிரித்தபோது உள்ளே செம்பி கிடந்தாள். கால்களில் மகரந்தம் அப்படியே ஒட்டியிருந்தது.

என்ன நடந்தது என்று நாச்சி கேட்டாள். சடையன் மறைக்கவில்லை.

"கேட்டுச்சு. நான்தான் போகச் சொன்னேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. செத்தவற்றை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஏறினாள். அங்கே பட்டுப்போன மருதமரப் பொந்தில்தான் கூடு இருந்தது. வாசலில் வயதான தேனீ ஒன்று காவல் இருந்தது. நாச்சி முந்தானையை அதன் முன்னால் விரித்தாள். தப்பு எங்கள் மேல்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

வயதான தேனீ செம்பியின் காலில் ஒட்டியிருந்த மகரந்தத்தைத் தொட்டுப் பார்த்தது.

"நீ உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கே, நாச்சி. ஆனா கேட்ட நேரத்துல உண்மை வரலையே. இனிமே உங்ககிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?"

தேனீ மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் பொந்து காலியாக இருந்தது.

அதன்பிறகு பூத்தவை பூத்தபடியே உதிர்ந்தன. பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கின. நாச்சி விடியலில் ஆண்பூக்களைப் பறித்து, ஒவ்வொரு பெண்பூவாகக் குனிந்து தடவிப் பார்த்தாள். சடையனும் கூடவே தடவினான். இடுப்பு விட்டுப்போனது. அந்தப் பருவம் முழுக்க ஒன்பது காய்தான் நின்றது. இருவரும் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்று வருஷத்தைக் கழித்தார்கள்.

அடுத்த வருஷமும் வண்டு வந்தது. குளிரில் வண்டு மந்தமாக இருக்கும் அதிகாலையில் சடையன் அதைக் கையாலேயே பொறுக்கினான். அப்படியும் மிஞ்சினால்தான் எட்டி நீரை எடுத்தான். அதையும் பூ மூடி, பொழுது சாய்ந்த பிறகு இலையில் மட்டும் தெளித்தான். மறுநாள் விரியும் பூவுக்குள் அது போகாது. தேனீ ஒன்றுகூட வராத தோட்டத்தில் அவன் இப்படிக் காத்திருந்ததைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தார் சிரித்தார்கள்.

மூன்றாம் வருஷம் மருதமரத்தில் மறுபடி இரைச்சல் கேட்டது. ஒரு காலையில் சின்னத் தேனீ ஒன்று வேலியைத் தாண்டி வந்தது. சடையன் எழுந்து நின்றான்.

"நேத்து சாயங்காலம் இலையில தெளிச்சேன். இன்னிக்கு விரிஞ்ச பூவுல ஒண்ணும் இல்ல. போகலாம்."

அது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தானே ஒரு பூவுக்குள் நுழைந்தது, வெகுநேரம் இருந்தது, வெளியே வந்து பறந்துபோனது. சடையன் பின்னாலேயே ஓடினான். பொந்துக்குள் அது உடம்பை உதறி, வளைந்து வளைந்து ஆடியது. மற்றவை சுற்றி நின்று பார்த்தன. அந்த ஆட்டத்தில் என்ன சொன்னது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில் கூட்டம் முழுவதும் அவன் தோட்டத்தை நோக்கிப் பறந்தது. அவன் மரத்தடியில் உட்கார்ந்து அழுதான்.

முதலில் ஒரு தேனீ தனியாகப் போய்ப் பார்த்து வருவதும், கண்டதைத் தன் கூட்டத்துக்கு மட்டும் ஆடிச் சொல்வதும், மனிதன் எவ்வளவு பேசினாலும் பதில் சொல்லாமல் பறந்துபோவதும் அன்று முதல்தான்.