நன்றிப் பாட்டுப் பாடாத கானாங்கோழி

மருதங்குளத்தில் மதலேன் என்றொரு கூழைக்கடா இருந்தாள். குளக்கரை மரத்தடியில் அவள் பள்ளிக்கூடம் நடத்தினாள். குட்டிப் பருவம் கழிந்து, எதற்கெடுத்தாலும் “ஏன்?” என்று கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. நீர்நாய் சவரி, முள்ளம்பன்றி பிலோமி, ஆமை எஸ்தாக்கி ஆகியோர் அவளுடைய மாணவர்கள்.

மரத்தடியை வகுப்புக்குக் கொடுத்தவர் எருமைக்கடா இன்னாசி. அந்தக் குளத்துக்கே அவர்தான் பெரியவர். அவர் கனைத்தால் தவளைகள் பேச்சை நிறுத்திவிடும்.

பாஸ்கு என்ற உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய தவக்காலம் வந்தது. வெயில் கொளுத்தியது. குளத்தில் தண்ணீர் ததும்பியது. ஆனால் கீழ்க்கரையில் ஓடை வற்றிப்போய்விட்டது. அங்கிருந்த நண்டுகளும் கானாங்கோழிகளும் தாகத்தில் தவித்தன.

மதலேன் டீச்சர் வகுப்பில் சொன்னாள்: “பிள்ளைகளே! கடவுள் இந்த உலகத்தை எல்லாருக்குமாகப் படைத்தார். ஒவ்வொரு உயிருக்கும் மாண்பு உண்டு. தாகமாயிருக்கிறவங்களுக்குத் தண்ணி கொடுக்கிறதுதான் நம்ம தவம்!”

இன்னாசி இதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். எங்கிருந்தோ தேங்காய்ச் சிரட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தார். “இதில் சுமந்துட்டுப் போங்க! இரக்கம்தான் பெரிசு!” என்றார்.

பிள்ளைகள் குளத்துத் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு, பாறை வழியே குறுக்குப் பாதையில் இறங்கி, கீழ்க்கரைக்குச் சுமந்தார்கள். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. எஸ்தாக்கி போய்ச் சேரும்போது சிரட்டையில் ஒரு வாய்தான் மிச்சமிருக்கும். இருந்தாலும் எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

“பாஸ்குவுக்கு முன்னால் ஒரு விழா வைப்போம். கீழ்க்கரைக்காரர்கள் வந்து ஒரு நன்றிப் பாட்டுப் பாடட்டும்!” என்றார் இன்னாசி.

கீழ்க்கரையில் ராயம்மா என்ற கானாங்கோழி குஞ்சுகளோடு இருந்தாள். சவரி அவளிடம் ஓடினான். பின்னாலேயே பிலோமியும் போனாள்.

“அக்கா! விழாவுக்கு வந்து நீங்க பாடணும்!”

“என்ன பாட்டு?”

“நன்றிப் பாட்டு!”

ராயம்மா சிரட்டைத் தண்ணீரைக் குஞ்சுகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டே சொன்னாள்: “தண்ணி சுமக்கிறீங்க. நல்லா இருங்க, தம்பி. ஆனா ஒருத்தராவது ‘உங்க ஓடை எங்கே போச்சு’ன்னு கேட்டீங்களா? தொண்டை காஞ்சு கிடக்கு. எனக்குப் பாட்டு வராது.”

சவரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ்வளவு தண்ணி சுமந்தோமே! ஒரு பாட்டுக்கூடவா பாட மாட்டாங்க!”

பிலோமி கோபப்படவில்லை. அவளுக்குக் குழப்பம்தான் வந்தது. ஓடை எங்கே போச்சு? இது ஏன் நமக்குத் தோன்றவே இல்லை?

அவள் குறுக்குப் பாதையில் திரும்பவில்லை. காய்ந்த ஓடையிலேயே மேல்நோக்கி நடந்தாள். மணல் சுட்டது. வளைந்து வளைந்து போன ஓடை ஒரு கோரைப்புதரில் முடிந்தது. புதருக்குள் மண்ணால் உயர்த்திய ஒரு கரை இருந்தது. ஏறி எட்டிப்பார்த்தாள். பளபளவென்று தண்ணீர்! அதற்கு அப்பால் ஒரு மரம். மரத்தடியில் டீச்சர்!

“ஐயோ, இது நம்ம குளமாச்சே!”

அவள் ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னாள். மதலேன் பறந்துபோய்ப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் இன்னாசி கோரைப்பக்கம் மண்ணைக் குத்திக் குவித்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. குளம் நிரம்பியபோது அவளும் சந்தோஷப்பட்டிருந்தாள். மீன் நிறையக் கிடைத்ததே!

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அப்போ நாம தண்ணி கொடுத்தது தப்பா, டீச்சர்?” என்று கேட்டான் சவரி.

“தப்பில்லை.”

“அப்போ சரியா?”

“சரிதான்... ஆனா...”

“இன்னாசி ஐயா நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்டான் எஸ்தாக்கி.

“நல்லவர்தான்... ஆனா...”

“டீச்சர், இந்தத் தண்ணியில தினமும் நீச்சலடிச்சது நான்தானே! அப்போ நான்?” என்றான் சவரி.

மதலேன் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். கேட்டால் இன்னாசிக்குக் கோபம் வரும். மரத்தடி போய்விடும். மரத்தடி இல்லாவிட்டால் வகுப்பு ஏது? வகுப்பு இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் நல்லது சொல்லிக்கொடுப்பார்கள்? ஆனால் இதைக் கேட்காமல் என்ன நல்லதைச் சொல்லிக்கொடுப்பது?

“எனக்கும் தெரியலை, பிள்ளைகளே. விழா முடியட்டும். அப்புறம் யோசிப்போம்” என்றாள். சொன்ன பிறகு அவள் பிலோமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா நாள் வந்தது. இன்னாசி கொம்பில் தாமரைக்கொடி சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“கீழ்க்கரைக்காரர்கள் எங்கே?”

“வரலை, ஐயா.”

“எவ்வளவு செய்தோம்! நன்றி கெட்டவங்க!”

பிலோமியால் பொறுக்க முடியவில்லை. “ஐயா, கோரைக்குள்ள இருக்கிற கரையை நீங்கதான் போட்டீங்களா?”

“ஆமா! கோடையில் முழுகிக் கிடக்கத் தண்ணி வேண்டாமா? என் தோல் வெயில் தாங்காது. ஓடை என் குளத்தோட முடியுது. அவ்வளவுதான்!”

“ஓடை முடியலை, ஐயா. நீங்க முடிச்சு வச்சிருக்கீங்க!”

இன்னாசியின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. அவர் மதலேன் பக்கம் திரும்பினார். “டீச்சர்! இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீங்களா?”

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மரத்தடி தப்பிவிடும்.

“ஆமாங்க, ஐயா. இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கே புரியாமல் சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

“அப்படியா! இனி என் மரத்தடியில் வகுப்பு கிடையாது! போங்க எல்லாரும்!”

மதலேன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கரைக்குப் போனாள். போகும்போது கையிலிருந்த சிரட்டைகளில் தண்ணீர் மொண்டுகொண்டார்கள். காய்ந்த ஓடையின் நடுவிலேயே வகுப்பு தொடங்கியது. நிழல் இல்லை. ராயம்மாவும் நண்டுகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

இன்னாசி குளத்தில் முழுகிக் கிடந்தார். கரையில் ஒரு சத்தமும் இல்லை. “ஐயா, வணக்கம்!” என்று சொல்ல ஒரு பிள்ளையும் இல்லை. தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? சிரட்டை கொடுத்தேனே! மரத்தடி கொடுத்தேனே!

கடைசியில், பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடலாம் என்று புறப்பட்டார். தாம் போட்ட கரையைத் தாண்டி ஓடையில் இறங்கி நடந்தார். இதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வெயில் முதுகைப் பிளந்தது. சகதி காய்ந்து தோலில் வெடித்தது. கீழ்க்கரைக்கு வந்தபோது நாக்கு வெளியே தொங்கியது. பேசவே முடியவில்லை.

ராயம்மா அவரைப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒரு சிரட்டைத் தண்ணீரை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். “முதல்ல குடிங்க, ஐயா.”

குஞ்சுகள் அந்தச் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னாசி ஒரே உறிஞ்சில் குடித்தார்.

“நல்ல தண்ணி! எங்கே கிடைச்சுது?”

“உங்க குளத்துத் தண்ணி, ஐயா. எங்க ஓடைத் தண்ணி.”

“ரெண்டில் எது?”

“ரெண்டும் ஒண்ணுதானே, ஐயா!”

இன்னாசி சிரட்டையைப் பார்த்தார். குஞ்சுகளைப் பார்த்தார். “அப்போ நான் இத்தனை நாளும்... உங்க தண்ணியையேவா உங்களுக்குத் தானம் கொடுத்தேன்?”

அவர் திரும்பி ஓடினார். கோரையை மிதித்துத் தள்ளி, கொம்பால் கரையின் மேல்பாதியைப் பெயர்த்தார். அவர் படுத்துக்கொள்ள ஆகும் தண்ணீர் குளத்தில் நின்றது. மீதியெல்லாம் ஓடையில் பாய்ந்தது. சவரி கத்திக்கொண்டே தண்ணீரோடு போட்டிபோட்டு ஓடினான்.

கீழ்க்கரை நனைந்தது. ராயம்மா வயிறாரக் குடித்துவிட்டு, “வாங்க, டீச்சர்! வாங்க, பிள்ளைகளா! எங்க தண்ணியைக் குடிச்சுப் பாருங்க!” என்று கூப்பிட்டாள்.

இன்னாசி தயங்கித் தயங்கி வந்து டீச்சரின் பக்கத்தில் நின்றார். “யாரும் எனக்கு நன்றி சொல்லலையே, டீச்சர். நான் செய்தது நல்லதுதானே?”

மதலேன் சொன்னாள்: “இதை நல்லதுன்னு சொல்லலாமான்னு எனக்குத் தெரியலை, ஐயா. ஒரு கெட்டதை நிறுத்தியிருக்கீங்க. நல்லதை இனிமேல் செய்யலாம்.”

இன்னாசிக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து குனிந்து தண்ணீர் குடித்தார்.

பிறர் பங்கை அடைத்து வைத்துக்கொண்டு அதிலிருந்தே ஒரு கை அள்ளிக் கொடுப்பது இரக்கமாகாது. முதலில் நீதி செய்ய வேண்டும், இரக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.